கத்திரி வெயில்: இந்த வாரம் வந்த கேள்விங்க

கத்திரி ஆரம்பிச்சதும் கிளினிக்ல தலைசுத்தல், மயக்கம்னு வர்றவங்க கூடிட்டாங்க, வந்த கேள்வியும் எல்லாம் அதப் பத்திதான்.

கேள்வி: வியாசர்பாடில ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீடு டாக்டர். அப்பாவுக்கு 71 வயசு, வெளியவே போறதில்ல. அவருக்கும் வெயில் தாக்குமா?

தாக்கும்மா, வீட்டுக்குள்ளயே தாக்கும். நம்ம ஊர்ல வெயில விட புழுக்கம் மோசம், காத்துல ஈரம் ஜாஸ்தியா இருந்தா வேர்வை ஊத்துமே தவிர காயாது, அது காஞ்சாதான் உடம்பு குளிரும், இதுல கடல் காத்து வேற லேட்டா வந்துச்சுன்னா ஷீட்டுக்கு கீழ இருக்கவே முடியாது. வயசானவங்களுக்கு தாகமும் சரியா தெரியாது, அதனால நீங்களே மணிக்கொருதரம் தண்ணியோ மோரோ குடுங்க. ஹார்ட், கிட்னி பிரச்சனை இருந்தா மட்டும் எவ்ளோ குடுக்கலாம்னு அவர் டாக்டர கேட்டுக்கோங்க. ஷீட் மேல தென்னங்கீத்து போட்டா நல்லா வித்தியாசம் தெரியும்.

பேச்சு குழறுது, ஆள் அடையாளம் தெரியலன்னா அத அசதின்னு விட்டுடாதீங்க. போன வருஷம் ஒரு பெரியவர கூட்டிட்டு வந்தாங்க, மத்தியானத்துல இருந்து தூங்குறார்னு நினைச்சிருக்காங்க, நான் நெத்தில கை வச்சா இட்லி குண்டான் மூடி மாதிரி சுடுது. அது ஹீட் ஸ்ட்ரோக், உயிருக்கே ஆபத்து. 108க்கு போன் போட்டுட்டு, வண்டி வர்றதுக்குள்ள சட்டைய கழட்டி உடம்பு பூரா தண்ணி ஊத்தி ஃபேன போடுங்க, கழுத்து, அக்குள், தொடை இடுக்குல ஐஸ் வைங்க. பாராசிட்டமால் இந்த சூட்ட குறைக்காது. நினைவு தெளிவா இல்லன்னா வாயில தண்ணி ஊத்தவே கூடாது, புரையேறிடும்.

கேள்வி: தி.நகர் ஜவுளிக்கடைல சேல்ஸ்ல இருக்கேன். பாத்ரூம் போக விட மாட்டாங்கன்னு தண்ணியே குடிக்கிறதில்ல. நீர்க்கடுப்பு வந்துட்டே இருக்கு.

இத படிக்கவே கஷ்டமா இருக்கும்மா, உன் மாதிரி எத்தனையோ பொண்ணுங்க வர்றாங்க. தண்ணி குடிக்காம, யூரின அடக்கி அடக்கி வச்சாதான் இன்ஃபெக்ஷன் திரும்பத் திரும்ப வரும். யூரின் வெளிர் மஞ்சளா போகணும், டீ டிகாக்ஷன் கலர்ல போனா தண்ணி பத்தலன்னு அர்த்தம். இந்த தடவை யூரின் டெஸ்ட் எடுத்துடு. கடைல வேலை பாக்குறவங்களுக்கு உக்கார சீட் குடுக்கணும்னு 2021லயே தமிழ்நாட்டுல சட்டம் போட்டாச்சு, பாத்ரூம் போறதுக்கு கெஞ்சணுமா? எல்லாரும் சேர்ந்து கேளுங்க.

கேள்வி: குழந்தைக்கு நாலு மாசம். தண்ணி குடுக்கலாமா?

வேண்டாம். 6 மாசம் வரைக்கும் தாய்ப்பால் போதும், அடிக்கடி குடுங்க. தண்ணி நீங்க நிறைய குடிங்க.

கேள்வி: வீட்ல ஃபிரிட்ஜ் இல்ல, இன்சுலின எங்க வைக்கிறது?

மண்பானைல தண்ணி ஊத்தி, மருந்த டப்பால போட்டு மூடி நனையாம உள்ள வைங்க, பானை நிழல்ல காத்தாட இருக்கட்டும். பைக் டேங்க் கவர்ல மட்டும் வச்சுடாதீங்க.

கேள்வி: ஓஆர்எஸ் (உடம்புல நீர் வத்தினா குடிக்கிற உப்பு-சக்கரை கரைசல்) பாக்கெட்ட கொஞ்சம் கொஞ்சமா கலக்கலாமா?

கூடாது. 1 லிட்டர் பாக்கெட்னா முழுசா 1 லிட்டர்ல கொட்டி அன்னிக்கே குடிச்சுடணும். பாக்கெட் இல்லன்னா காய்ச்சி ஆறவச்ச 1 லிட்டர் தண்ணில தலை தட்டி 6 டீஸ்பூன் சக்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு மட்டும் கூடிடக்கூடாது.