மேட்லேப் ஓடட்டும், லேப்டாப்பை மூடுங்கள்

கேள்வி: நான் ஆய்வு மாணவி. பல்கலைக்கழகத்தின் லினக்ஸ் சர்வரில் மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) மூலம் இணைந்தால் அதன் சாளரம் திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது. இணைப்பு அறுந்தால் இரவெல்லாம் ஓடிய கணக்கும் போய்விடுகிறது. சாளரமே இல்லாமல் ஓட்ட முடியுமா?

பதில்: முடியும். மணிக்கணக்கில் ஓடும் வேலையை அப்படித்தான் ஓட்ட வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் உங்கள் கணக்குக்காகச் செலவாகவில்லை. பொத்தான், பட்டியல் என்று ஒவ்வொன்றையும் இணைப்பு வழியாக உங்கள் திரையில் வரைவதற்கே போகிறது. இரவு இரண்டு மணிக்கு அந்தப் பொத்தான்களை யார் அழுத்தப்போகிறார்கள்?

2019ஆம் ஆண்டின் முதல் வெளியீட்டிலிருந்து மேட்லேப்பில் 'பேட்ச்' என்ற வசதி இருக்கிறது. டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் மேட்லேப் என்று தட்டுங்கள். ஓர் இடைவெளி, சிறுகோடு, அதை ஒட்டியே பேட்ச், மறுபடி இடைவெளி, பிறகு மேற்கோள் குறிக்குள் ஸ்கிரிப்டின், அதாவது உங்கள் கட்டளைகளை எழுதி வைத்திருக்கும் கோப்பின் பெயர். பெயர் மட்டும்தான், கடைசியில் வரும் 'புள்ளி எம்' வேண்டாம். முதல் நாள் பலரும் தடுக்கி விழும் இடம் அது.

பழைய குறிப்புகளில் பேட்ச்சுக்குப் பதிலாக 'ஆர்' என்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். அந்த முறையில் முடிந்ததும் வெளியேறச் சொல்லும் 'எக்ஸிட்' கட்டளையை நாமே கடைசியில் எழுத வேண்டும். நடுவில் பிழை வந்தால் மேட்லேப் அந்த இடத்துக்கே போகாது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அப்படி ஒரு வேலையை ஓடவிட்டுக் கிளம்பினேன். திங்களன்று வந்து பார்த்தால் ஒரு வரி பிழைச் செய்தி, கீழே >> என்ற குறி, பக்கத்தில் அடுத்த கட்டளைக்காகச் சிமிட்டிக்கொண்டிருக்கும் கர்சர். ஆய்வகத்தில் இருந்ததே இரண்டு உரிமங்கள். அதில் ஒன்றை இரண்டு நாள் சும்மா பிடித்து வைத்திருந்தேன். சக ஆய்வாளர்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது. பேட்ச் முறையில் பிழை வந்தாலும் மேட்லேப் தானே வெளியேறும். போகும்போது வெற்றி என்றால் 0, இல்லையென்றால் வேறோர் எண்ணை விட்டுச் செல்லும்.

இணைப்பு அறுவது தனிச் சிக்கல். டெர்மினல் மூடியதும் அதில் ஓடும் நிரலுக்கு லினக்ஸ் 'ஹேங்அப்' சைகை அனுப்புகிறது. நிரல் அத்துடன் சரி. ஆகவே சர்வருக்குள் நுழைந்ததும் முதலில் டீமக்ஸைத் (இணைப்பு போனாலும் உள்ளே ஓடுவதை நிறுத்தாமல் வைத்திருக்கும் நிரல்) தொடங்கி, அதற்குள் மேட்லேப்பை ஓடவிடுங்கள். கண்ட்ரோலையும் பி-யையும் சேர்த்து அழுத்தி விட்டுவிட்டு டி-யைத் தட்டினால் நீங்கள் மட்டும் வெளியே வந்துவிடலாம். காலையில் 'டீமக்ஸ் அட்டாச்' என்று தட்டினால் போதும், வேலை விட்ட இடத்தில் இருக்கும்.

ஸ்கிரிப்டில் பயனரிடம் எதையாவது கேட்டு நிற்கும் 'இன்புட்' வரிகள் இருந்தால் எடுத்துவிடுங்கள். வரைபடங்களைக் கோப்பாகச் சேமியுங்கள்.

சர்வரே அணைந்து எழுந்தால் டீமக்ஸும் காப்பாற்றாது. ஆயிரம் சுற்றுக்கு ஒருமுறை 'சேவ்' செய்யுங்கள். அதையும் தற்காலிகப் பெயரில் சேமித்து, முடிந்த பிறகு உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். எழுதும்போதே மின்சாரம் போனாலும் முந்தைய கோப்பு பிழைத்திருக்கும். உங்கள் கணக்கில் ரேண்டம் எண்கள் உண்டென்றால் அவற்றைத் தரும் 'ஆர்என்ஜி'யின் நிலையையும் கூடவே சேமித்து, திரும்பத் தொடங்கும்போது அதை மீட்டெடுங்கள். மேட்லேப் ஒவ்வொரு முறை புதிதாகத் திறக்கும்போதும் அதே எண் வரிசையைத்தான் முதலிலிருந்து தரும். நிலையை மீட்டெடுக்காவிட்டால் ஏற்கெனவே பயன்படுத்திய எண்களையே மறுபடி பயன்படுத்திக்கொண்டிருப்பீர்கள், எந்தப் பிழைச் செய்தியும் வராது.