சித்தி உட்காராத நாற்காலி

அன்புள்ள ஐயா,
தலைமைப் பொறுப்பிலுள்ள பெண்கள் சந்திக்கும் பாரபட்சத்தை அளக்க, 2020இல் அமெரிக்காவில் ஒரு கேள்வித்தாள் வெளியானது. என் ஆய்வுக்காக அதைத் தமிழாக்கி, ஊராட்சித் தலைவர்களாக இருக்கும் பெண்களிடம் கொடுத்தேன். பலரும் ‘ஒருபோதும் இல்லை’ என்றே குறித்தார்கள். நம் பண்பாட்டில் பாரபட்சம் குறைவு என்று எழுதலாமா? தமிழாக்கத்தில் எந்தச் சொற்களை மாற்றலாம்?
வி.

அன்புள்ள வி.,

எழுதக் கூடாது. படித்ததும் கோபம் வந்தது. அப்புறம் சித்தி நினைவுக்கு வந்தார்.

1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்றானபோது, சித்தி எங்கள் ஊராட்சித் தலைவரானார். தலைவர் நாற்காலியில் சித்தப்பா உட்கார்ந்தார். தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வரும். சித்தி ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். ஐந்து வருடமும் இப்படித்தான். பின்னாளில், “யாராவது மதிக்காம நடந்துக்கிட்டாங்களா சித்தி?” என்று கேட்டேன். “சேச்சே, எல்லாரும் மரியாதையாத்தான் இருந்தாங்க. ஒருநாள்கூட வெயில்ல அலையவிடலை” என்றார்.

மனதாரத்தான் சொன்னார். உங்கள் தாளிலும் ‘ஒருபோதும் இல்லை’ என்றுதான் குறித்திருப்பார். நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்தவருக்குத்தான் எழுப்பிவிட்டால் உறைக்கும். நாளை பெண்கள் அதில் உட்கார்ந்து பழகி, உங்கள் எண் ஏறினால், ஊர் கெட்டுவிட்டது என்று எழுதுவீர்களா? பெண் தானே வாயை மூடிக்கொள்வதையும் அந்த அமெரிக்கக் கேள்வித்தாள் ஒரு பகுதியாக வைத்திருக்கிறது. அதையாவது கவனித்தீர்களா?

பாதிக்கப்பட்டவரிடம் மட்டும் கேட்டால் போதாது, தலைவர் பேசுவதைக் கேட்கும் ஊராரின் காதையும் சோதிக்க வேண்டும். மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் அதைச் செய்தார்கள். 2009இல் முடிவுகள் வந்தன. ஒரே பேச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவுசெய்து, ஆளுக்கு ஒன்றைப் போட்டுக்காட்டினார்கள். பெண் தலைவரையே பார்த்திராத ஊர்களில், பெண் குரலுக்கு ஆண்கள் குறைவாக மதிப்பெண் போட்டார்கள். இடஒதுக்கீட்டால் பெண் தலைவர் வந்த ஊர்களில் அந்த வித்தியாசம் மறைந்தது. ஆனால் யாரைப் பிடிக்கும் என்றால், அங்கேயும் ஆண் தலைவர்தான். திறமையை ஒப்புக்கொண்ட பிறகும் மனம் இறங்கவில்லை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட உங்கள் தாளில் இடமே இல்லை.

சொற்களைக் கேட்டிருந்தீர்கள். அது பெரிய விஷயமில்லை, ‘பாரபட்சம்’ என்பதை எடுத்துவிடுங்கள். கடைசித் தீர்மானத்தில் எங்கே வைத்துக் கையெழுத்துப் போட்டீர்கள், செக் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். வெயிலில் வீடுவீடாக அலைந்திருக்கிறீர்கள், தெரியும். இன்னொரு முறை போங்களம்மா.

போன மாதம் சித்தியிடம், அந்த நாற்காலி மரமா பிரம்பா என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தார்.

“தெரியலையேப்பா” என்றார்.