காஷ்மீர்க் காளான் சாப்பிட்டதும் வாந்தி: மீதியைச் சமைக்கலாமா?

கேள்வி: ராணுவத்தில் பணிபுரியும் என் மருமகன் விடுமுறைக்கு வந்தபோது ஸ்ரீநகரிலிருந்து 'குச்சி' என்ற உலர்ந்த காளான் 50 கிராம் வாங்கி வந்தார். ஆங்கிலத்தில் மோரல் என்பார்களாம். பாதியை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பட்டன் காளானைப் போலவே மிளகுத்தூள் போட்டு மூன்று, நான்கு நிமிடம் வதக்கிப் பரிமாறினேன். 61 வயதான என் கணவர் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர். அவர்தான் விரும்பிப் பெரும்பகுதியைச் சாப்பிட்டார். இரண்டு மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கிவிட்டது. மறுநாள் மாலைக்குள் சரியாகிவிட்டார். இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு துண்டு மட்டும் சாப்பிட்ட எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மருமகனோ, "அசல் சரக்கு, கடைக்காரர் ஏமாற்றவில்லை" என்கிறார். அது விஷக் காளானா, ஒவ்வாமையா? மீதியை என்ன செய்வது? இதயத்துக்கு நல்லது என்கிறார்களே, நான்கு வயதுப் பேரனுக்கும் கொடுக்கலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் மருமகன் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். காளான் அசல், கடைக்காரர் நல்லவர், ஆனாலும் உங்கள் கணவருக்கு வாந்தி வந்தது. இந்த மூன்றுக்கும் இடையில் முரண்பாடு எதுவும் இல்லை. மோரல் காளானைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டால், சரியான காளானே வயிற்றைப் புரட்டிவிடும்.

இதற்கு நன்கு ஆராயப்பட்ட உதாரணம் ஒன்று உண்டு. 2023 மார்ச், ஏப்ரல் மாதங்களில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், போஸ்மன் நகர உணவகம் ஒன்றில் மோரல் சாப்பிட்ட 51 பேர் நோயுற்றார்கள். மூவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், இருவர் இறந்தார்கள். வேறு நச்சுக் காளான் ஏதும் கலந்துவிட்டதா என்று மரபணுச் சோதனை செய்து பார்த்தார்கள். வந்த விடை, அசல் மோரல் என்பதுதான். சீனாவிலிருந்து வந்த, பண்ணையில் வளர்த்த காளான் அது. அதை ஒரு நாள் சூடான சாற்றை மேலே ஊற்றி ஊறவைத்தும், இன்னொரு நாள் பச்சையாகவே குளிர்ந்த சாற்றில் ஊறவைத்தும் பரிமாறியிருக்கிறார்கள். பச்சையாகப் பரிமாறிய நாளில்தான் பாதிப்பு அதிகம். இந்த நச்சு எது என்பதை அறிவியல் இன்னும் அடையாளம் காணவில்லை. நன்றாகச் சூடாக்கினால் பெருமளவு குறைகிறது என்பது மட்டும் தெரிகிறது. உலர்த்துவதாலோ ஊறவைப்பதாலோ அது முழுமையாகப் போய்விடுவதில்லை.

உங்கள் வீட்டில் நடந்ததற்கு வருவோம். பட்டன் காளானுக்கு நான்கு நிமிட வதக்கல் போதும், மோரலுக்குப் போதாது. அளவும் ஒரு காரணம். உலர்ந்த காளான் 25 கிராம் என்பது கையில் லேசாகத்தான் இருக்கும். ஆனால் அது ஏறக்குறைய 200 கிராம் பச்சைக் காளானுக்குச் சமம். அதில் பெரும்பகுதி ஒரே தட்டில் போய்விட்டது. இரண்டு துண்டு சாப்பிட்ட நீங்கள் தப்பியதற்கு அதுவே விளக்கமாக இருக்கலாம். ஒவ்வாமையாக இருந்தால் பெரும்பாலும் தோலில் தடிப்பு, அரிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு என ஏதாவது சேர்ந்து வந்திருக்கும். நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன்: அன்று இரவு அவர் மது அருந்தினாரா? மோரலும் மதுவும் சேர்ந்தால் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. மற்ற உணவு ஏதேனும் கெட்டுப்போயிருந்தாலும் இதே தொல்லை வரும் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் உங்கள் கதையில் காளான் மீதுதான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

காளான் விஷயத்தில் மருத்துவர்களான நாங்கள் முதலில் கேட்பது கடிகாரத்தைத்தான். சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரத்தில் வாந்தி வந்தால் பெரும்பாலும் வயிற்றோடு போய்விடும். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு, அதாவது இரவு சாப்பிட்டு விடியற்காலையில் தொடங்கினால் எங்களுக்குக் கவலை அதிகம். கல்லீரலை அழிக்கும் காளான்கள் அப்படித்தான் வேலை செய்கின்றன. அவற்றில் இரண்டாம் நாள் வாந்தி நின்று நோயாளி தேறியதுபோல் இருப்பார். அந்த நேரத்தில்தான் உள்ளே கல்லீரல் செயலிழந்துகொண்டிருக்கும். பல வகைக் காளான்களைக் கலந்து சாப்பிட்டிருந்தால் இந்தக் கணக்கை நம்பக் கூடாது. அறிகுறி சீக்கிரம் வந்தாலும் ஆபத்தானதும் உள்ளே போயிருக்கலாம்.

மோரலோடு குழப்பிக்கொள்ளக்கூடிய 'பொய் மோரல்' ஒன்று உண்டு. ஜைரோமிட்ரா என்பது அதன் பெயர். கல்லீரலைப் பாதிக்கும், வலிப்பும் வரவழைக்கும். உங்களிடம் மீதமிருக்கும் காளானைச் சோதித்துப் பாருங்கள். வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, தலை முதல் காம்பு வரை நீளவாக்கில் கத்தியால் பிளக்க வேண்டும். அசல் மோரலின் உட்புறம் நுனியிலிருந்து அடிவரை ஒரே வெற்றுக் குழாயாக இருக்கும். வெளியே தேன்கூடு போன்ற குழிகள், தலைப்பகுதியின் கீழ்விளிம்பு காம்போடு ஒட்டியிருக்கும். உள்ளே பஞ்சு போன்ற சதையோ பல அறைகளோ இருந்தாலும், வெளியே குழிகளுக்குப் பதில் மூளையைப் போன்ற மடிப்புகள் இருந்தாலும், தலை குடைபோலத் தனியாகத் தொங்கினாலும் குப்பைக்குப் போகட்டும். இது வாங்கிய சரக்கைச் சரிபார்க்க மட்டுமே. இதைப் படித்துவிட்டு யாரும் மலையேறிப் பறித்துச் சாப்பிடக் கிளம்ப வேண்டாம்.

சோதனையில் தேறினால் மீதியைத் தாராளமாகச் சமைக்கலாம். கிலோ பல்லாயிரம் ரூபாய்க்கு விற்பதைத் தூக்கி எறியச் சொல்ல எனக்கும் மனம் வராது. பனி உருகும் பருவத்தில் இமயமலைக் காடுகளில் ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்கி, நூலில் கோத்துக் காயவைத்தது அது. அதனால் அந்தக் குழிகளுக்குள் மண்ணும் சிறு பூச்சிகளும் இருக்கும். ஊறவைத்த பாத்திரத்தின் அடியில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்று இருக்கும். பிளந்த துண்டுகளை இரண்டு, மூன்று முறை அலசிவிட்டு, கொதிக்கும் நீரில் பதினைந்து நிமிடம் மூடாமல் வேகவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். அதன் பிறகு நெய்யில் வதக்குவதோ, காஷ்மீரத்தார் செய்வதுபோல் ஏலக்காய், கிராம்பு போட்டு பாசுமதி அரிசியோடு புலாவ் செய்வதோ, தயிர் சேர்த்த யக்னி செய்வதோ உங்கள் விருப்பம். ஊறிய நீரில்தான் மணம் இருக்கிறது, அதை வடிகட்டிச் சோற்றில் சேர்க்க வேண்டும் என்று சமையல் வல்லுநர்கள் சொல்வார்கள். ஒரு முறை அடிபட்ட வீட்டில் நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன். மணம் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

உங்கள் கணவர் இந்த முறை இரண்டு, மூன்று துண்டோடு நிறுத்திக்கொள்ளட்டும், மதுவும் வேண்டாம். நன்றாக வெந்திருந்தாலும் ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிட்டவர்களுக்குச் சுமார் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத் தலைசுற்றல், கை நடுக்கம், நடையில் தள்ளாட்டம், பார்வை மங்கல் வந்ததைப் பிரான்ஸ் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது தானாகவே சரியாகிவிடும். ஆனால் அறுபதைத் தாண்டியவர் தள்ளாடிக் கீழே விழுந்தால் இடுப்பு எலும்பு என்னாவது?

மீண்டும் வாந்தி வந்தால் உப்புக் கரைசலைக் கொடுத்து மேலும் வாந்தி எடுக்கவைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொடிப் பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். இவருடைய மாத்திரைகளை நினைத்துத்தான் எனக்குக் கூடுதல் கவலை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து உடலில் நீர் வற்றும் நாளில் மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளும், சிறுநீரை அதிகம் பிரியச் செய்யும் ரத்த அழுத்த மாத்திரைகளும் கெடுதல் செய்யலாம். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். அவர் என்னென்ன எடுக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அத்தகைய நாளில் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று அவருடைய மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் தாங்களாகவே அதை நிறுத்தக் கூடாது.

மயக்கம், குழப்பமான பேச்சு, மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல், அல்லது சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழித்துத் தொடங்கும் வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். மீதமிருக்கும் காளானையும் சமைத்ததில் எஞ்சியதையும் மருத்துவமனைக்குக் கையோடு கொண்டுபோங்கள். பார்த்தால்தான் அடையாளம் காண முடியும்.

இதயத்துக்கு நல்லதா என்ற கேள்விக்கு நீளமான பதில் தேவையில்லை. மோரலில் இரும்புச்சத்தும் ஓரளவு வைட்டமின் டி-யும் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை நான்கு துண்டு சாப்பிடுவதால் இதயத்துக்குக் கெடுதலும் ஆகிவிடாது, நல்லதும் ஆகிவிடாது. ஆண்மைக்கு மருந்து என்று விற்பவர்களிடம் விலை மட்டும்தான் ஏறும். ருசிக்காகச் சாப்பிடுங்கள்.

பேரனுக்கு வேண்டாம். காட்டுக் காளான்களைச் சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது பிரான்ஸ் உணவுப் பாதுகாப்பு அமைப்பின் அறிவுரை. பெரியவர் ஒரு இரவு தாங்கிக்கொள்ளும் வயிற்றுப்போக்கு, நான்கு வயதுக் குழந்தையை ஓரிரு மணி நேரத்தில் துவளச் செய்துவிடும். புலாவ் செய்யும் நாளில் அவனுக்குக் காளான் சேராத சோற்றைத் தனிப் பாத்திரத்தில் வடித்துவிடுங்கள்.

கணவருக்கு இப்போது கல்லீரல் பரிசோதனை தேவையா என்று அடுத்து நினைப்பீர்கள். இரண்டு மணி நேரத்தில் தொடங்கி, மறுநாளே நின்று, மூன்று வாரமாக நன்றாகச் சாப்பிட்டு நடமாடுபவருக்கு அது தேவையில்லை. சர்க்கரைக்காக வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனை நெருங்கியிருந்தால், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினையும் அதோடு பார்த்துவிடச் சொல்லுங்கள்.