பாரணை இல்லாத விரதம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் எடை குறைத்த அனுபவத்தைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் நானும் கலோரி எண்ணத் தொடங்கினேன். எனக்கு வயது 36. மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. அப்போது இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாகச் சொன்னார்கள். கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டேன், சமையலறைக்கு ஒரு சிறிய மின்னணுத் தராசும் வாங்கினேன். ஓராண்டில் எடை குறைந்தது, சர்க்கரையும் இயல்புக்கு வந்தது. ஆசிரியர் அறையில் எல்லோரும் என்னிடம் யோசனை கேட்டார்கள்.

அதன் பிறகும் என்னால் நிறுத்த முடியவில்லை. செயலி கொடுத்த இலக்கை நானாகவே மேலும் மேலும் குறைத்தேன். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா வத்தக்குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்றுகொண்டு "எத்தனை கரண்டி எண்ணெய் விட்டே?" என்று மூன்று முறை கேட்டேன். அம்மா கரண்டியை வாணலியிலேயே போட்டுவிட்டுப் பேசாமல் திண்ணைக்குப் போய்விட்டார். அன்று மதியம் நான் கையோடு கொண்டுபோயிருந்த ஓட்ஸ் பிஸ்கட்டைச் சாப்பிட்டேன். அதன் உறையில் கணக்கு அச்சிட்டிருந்தது. தம்பி மகளின் காதணி விழாவில் வயிறு சரியில்லை என்று பொய் சொல்லிப் பந்தியைத் தவிர்த்தேன். ஆனால் இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு மணிக்கணக்காகப் பிரியாணி செய்யும் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை. என் எடை உயரத்துக்கு ஏற்ற இயல்பான எடைதான் என்று அட்டவணை சொல்கிறது.

இது நோய் என்கிறார் என் கணவர். இது ஒழுக்கம் என்கிறேன் நான். இரண்டுக்கும் நடுவே எல்லை எங்கே இருக்கிறது? அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

கே.

*

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தில் இருந்த எடைகளையும் அன்றாடக் கலோரி எண்ணையும் வெளியிடும்போது நீக்கிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் இன்னொருவர் அவற்றைப் படித்தால் தன் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். தன்னுடையது கூடுதலாக இருந்தால் அன்று இரவே குறைக்கப் பார்ப்பார்.

நான்கு மாதமாக மாதவிடாய் நின்றிருப்பதைப் பிரியாணிக் காணொளிக்கும் எடை அட்டவணைக்கும் நடுவே ஒரே வரியில் சொல்லிக் கடந்திருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இந்த வாரத்துக்குள் ஒரு மருத்துவரைப் பாருங்கள். நான் மருத்துவன் அல்லன். கருத்தரிப்பு, தைராய்டு என்று அவர் சோதித்துப் பார்க்க வேண்டிய காரணங்கள் பல உண்டு. ஆனால் நீங்கள் எண்ணி உண்ணும் கதையை மறைக்காமல் சொன்னால்தான் அவரால் முக்கியமான காரணத்தை யோசிக்க முடியும். உடலுக்குப் போதுமான ஆற்றல் வராதபோது மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் சினைப்பையை இயக்கும் ஹார்மோன்களுக்கான தூண்டலைக் குறைத்துவிடுகிறது, ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது, அது நீடித்தால் எலும்பின் அடர்த்தி குறையத் தொடங்குகிறது. நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், பொட்டாசியம், தேவையென்றால் இ.சி.ஜி. ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தலைசுற்றி விழுந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ வாரக் கணக்குப் பார்க்காமல் அன்றே போய்விடுங்கள்.

எடை அட்டவணை உங்களுக்குக் கொடுத்திருக்கும் சான்றிதழை நான் ஏற்கவில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டுக் கையேடு, மிகுந்த எடையை இழந்து, உணவையும் எடையையும் பற்றிய அச்சத்தோடு வாழ்ந்து, அப்போதும் இயல்பான எடையிலோ அதற்கு மேலோ இருப்பவர்களையும் உண்ணல் கோளாறு உள்ளவர்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உடல் எந்த எண்ணில் நிற்கிறது என்பதோடு, எந்த எண்ணிலிருந்து எவ்வளவு வேகமாக, எதைக் கொடுத்து அங்கே வந்து சேர்ந்தது என்பதையும் மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

இனி என் பங்கு. அந்தக் கட்டுரையில் மூன்று மாதம் எண்ணினேன், எடை குறைந்தது, நிறுத்தினேன் என்று பெருமையாக எழுதியிருந்தேன். எப்படி நிறுத்தினேன் என்பதை எழுதவில்லை. தராசின் பேட்டரி தீர்ந்துவிட்டது. புதியது வாங்கச் சோம்பல்பட்டேன், அவ்வளவுதான். அதை மன உறுதி என்று வாசகர்கள் எடுத்துக்கொள்ளும்படி எழுதியது என் பிழை. பழைய செருப்பைப் போலச் சிலர் இந்தப் பழக்கத்தை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிடுகிறார்கள், வேறு சிலரை அது படுக்கைவரை பின்தொடர்கிறது. அமெரிக்காவில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், உண்ணல் கோளாறு உள்ள 105 பேரில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் ஒரே கலோரிச் செயலியைப் பயன்படுத்தியிருந்தார்கள்; அவர்களிலும் முக்கால் பங்கினர் தங்கள் நோயில் அதற்கு ஓரளவாவது பங்குண்டு என்றே கருதினார்கள். செயலிதான் நோயைக் கொண்டுவந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. நான் கட்டுரை எழுதும்போது இதைத் தேடிப் படித்திருக்கலாம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் கணித ஆசிரியை என்பதால் எண்ணைப் பற்றியே கொஞ்சம் பேசலாம். செயலி காட்டும் கலோரி எங்கிருந்து வருகிறது? 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியலாளர் உணவை எரித்து வெப்பத்தை அளந்தார். செரிக்காமல் கழிவாக வெளியேறுவதைக் கழித்துச் சராசரிகளையும் கணக்கிட்டார். ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்ற வாய்ப்பாடு அவர் பணியிலிருந்து வந்தது. நூறாண்டு கடந்தும் நாம் பயன்படுத்துவது அதைத்தான். நல்ல வாய்ப்பாடுதான், ஆனால் சராசரி. 2012-இல் அமெரிக்க வேளாண்துறை விஞ்ஞானிகள் மனிதர்களுக்குப் பாதாம் பருப்பைக் கொடுத்து, உடல் எடுத்துக்கொண்ட ஆற்றலை நேரடியாக அளந்தபோது, இந்த வாய்ப்பாட்டின்படி 170-ஐ ஒட்டி இருக்க வேண்டிய 28 கிராம் பாதாமில் 129 கலோரிதான் கிடைத்தது. உணவுறையில் அச்சிட்ட கலோரியைவிட உள்ளே 20 சதவீதம்வரை கூடுதலாக இருந்தாலும் அமெரிக்கச் சட்டம் அதைக் குற்றமாகக் கொள்வதில்லை. நம் சமையலறைக்கு வந்தால் நிலைமை இன்னும் வேடிக்கை. செயலியில் "இட்லி, ஒன்று" என்று தேடினால் வரும் பத்துப் பதிவுகள் பத்து எண்களைக் காட்டும். அவை யார் வீட்டு இட்லித்தட்டின் எந்தக் குழியில் வெந்தவை என்று யாருக்கும் தெரியாது. மர அளவுகோலால் அளந்த நீளத்தை ஒரு மாணவி மூன்று தசம இடத்துக்கு எழுதிக் காட்டினால் நீங்கள் மதிப்பெண்ணைக் குறைப்பீர்கள். உங்கள் செயலியில் நீங்களே அந்த மாணவி.

பிழை இவ்வளவு இருந்தும் மூன்று மாதக் கணக்கு எனக்கு உதவியது. ஏனென்றால் எனக்குத் தேவைப்பட்டது ஒரு குத்துமதிப்பு மட்டுமே. மாலை டீயோடு உள்ளே போகும் இரண்டு வடைகள் சிறிய விஷயமல்ல என்று தெரிந்துகொண்டால் போதும். உங்களுக்கோ இப்போது தேவைப்படுவது நிச்சயம். எண் எவ்வளவு என்பதைவிட, எண் தெரிந்திருக்கிறதா என்பதே உங்களுக்கு முக்கியமாகிவிட்டது. அம்மாவின் வாணலிக்குப் பின்னால் நின்றது அதனால்தான். வத்தக்குழம்பில் எண்ணெய் கண்ணளவு, புளி கையளவு, உப்பு நாக்களவு. எதற்கும் எண் கிடையாது, ஆகவே அது ஆபத்தான உணவாகிறது. பிஸ்கட் உறையில் எண் இருக்கிறது, ஆகவே அது பத்திரமான உணவாகிறது. சர்க்கரை ஏறக்கூடாது என்று தொடங்கிய ஒருவர் வீட்டுச் சமையலை மறுத்துவிட்டுப் பிஸ்கட் தின்று மதியத்தைக் கழிக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். எல்லை எங்கே என்று கேட்டீர்கள். எண்ண முடிகிற நாளில் அது கண்ணுக்குத் தெரியாது. அந்த நாளில் கணக்காளரும் நோயாளியும் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். எண்ண வழியில்லாத நாளில், காதணி விழாப் பந்தியில் இலை போட்டுக் கூப்பிடும்போது, உட்கார முடிகிறதா, பொய் சொல்ல நேர்கிறதா என்று பாருங்கள். நீங்கள் பொய் சொன்னீர்கள்.

இரவுக் காணொளிகளைப் பற்றி எழுதும்போது உங்கள் கடிதத்தில் வெட்கம் தெரிகிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை. 1944 நவம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். போரில் பட்டினியால் வாடிய ஐரோப்பிய மக்களை எப்படி மீட்பது என்று கண்டறிவது நோக்கம். மனச்சான்றின் பேரில் ஆயுதமேந்த மறுத்த 36 இளைஞர்கள், உடலும் மனமும் திடமானவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டு, பல்கலைக்கழக விளையாட்டரங்கத்தின் அடியிலிருந்த அறைகளில் தங்கினார்கள். முதல் மூன்று மாதம் வயிறார உணவு. அடுத்த 24 வாரம் அதில் ஏறக்குறைய பாதி: சராசரியாக நாளொன்றுக்கு 1,570 கலோரி அளவில், ரொட்டி, உருளைக்கிழங்கு, டர்னிப், முட்டைக்கோஸ், மக்ரோனி. அவர்கள் எடையில் கால்பங்கை இழந்தார்கள். ஆனால் படிப்பவரை அதிரவைப்பது அவர்கள் மனத்துக்கு நேர்ந்ததுதான். அதுவரை அடுப்பங்கரைப் பக்கமே போகாத இளைஞர்கள் சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள். குறிப்புகளைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். சாப்பாட்டைக் கலந்து, நீர்விட்டு, நேரத்தை இழுத்து உண்டார்கள், தட்டை நக்கினார்கள். எப்போதும் குளிர்ந்தது. நண்பர்களோடு பேசப் பிடிக்கவில்லை, காதலில் நாட்டம் போயிற்று. மீண்டும் உணவு கொடுத்த பிறகும் பலருக்கு நெடுநாள் போதும் என்ற உணர்வே வரவில்லை.

அவர்கள் உங்களைவிட உருவில் பெரிய ஆண்கள், வாரத்துக்கு 22 மைல் நடக்க வேண்டியிருந்தவர்கள். ஆகவே அந்த எண்ணை உங்கள் எண்ணோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஆனால் நள்ளிரவில் நீங்கள் பார்க்கும் பிரியாணிக்கும் அந்த இளைஞர்கள் சேர்த்த சமையல் குறிப்புகளுக்கும் வேறுபாடு ஏதுமில்லை. அது உங்கள் ஒழுக்கத்தில் விழுந்த ஓட்டை அல்ல, பசி. அதை ஒழுக்கக் குறைவு என்று எண்ணி மறுநாள் இன்னும் குறைக்கிறீர்கள், மறுநாள் இரவு காணொளி இன்னும் நீள்கிறது.

ஒழுக்கம் என்ற சொல்லை நான் அலட்சியப்படுத்தவில்லை. என் பாட்டி மாதம் இரண்டு ஏகாதசிக்கும் பட்டினி கிடந்தவர். துவாதசி விடிந்ததும் அகத்திக்கீரை ஆய்ந்து, நெல்லிக்காய்ப் பச்சடி அரைத்து, சூரியன் ஏறுவதற்குள் இலை போட்டு உட்கார்ந்துவிடுவார். குறித்த வேளைக்குள் பாரணை, அதாவது விரதம் முடித்து உண்ணுதல், செய்யாவிட்டால் விரதமே பங்கமாகிவிடும் என்பார். உண்ணாமலிருப்பது எவ்வளவு கடமையோ, முடித்துவிட்டு உண்பதும் அவ்வளவு கடமை. நீங்கள் தொடங்கியதும் ஒரு விரதம்தான், சர்க்கரை இறங்கும்வரை என்று வேண்டிக்கொண்ட விரதம். சர்க்கரை இறங்கியது. பாரணைக்கு யாரும் நாள் குறிக்கவில்லை. செயலியில் அதற்கொரு பொத்தான் இல்லை. ஆசிரியர் அறையில் "எப்படி இளைத்தீர்கள்?" என்று கேட்டவர்கள் ஒவ்வொருவரும் அந்த விரதத்தை இன்னொரு நாள் நீட்டித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். (விரதத்தையும் நான் புனிதமாக்கவில்லை. சாப்பிடாமலிருக்க மதிப்பான சாக்கு வேண்டுவோருக்கு நம் ஊரில் அதைவிட வசதியானது வேறில்லை.)

எண்ணுவதே தீங்கு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலின் அளவைத் தீர்மானிக்க மாவுச்சத்தை எண்ணித்தான் ஆக வேண்டும். உங்களுக்கும் சர்க்கரை பற்றிய கவனம் தொடர வேண்டும். அதற்கு ஆண்டுக்கொரு பரிசோதனையும், தட்டில் பாதிக்குக் காய்கறி என்பது போன்ற கண்ணளவும் இருக்கின்றன. எப்படி மாற்றுவது என்பதை உண்ணல் கோளாறு பற்றி அறிந்த உணவியல் நிபுணரும் மனநல மருத்துவரும் சேர்ந்து சொல்லட்டும். தனியாக ஒரே இரவில் செயலியை அழித்துவிட்டு மனத்துக்குள் கூட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. முதலில் யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

உங்கள் கணவரிடம் ஒரு சொல். அவர் கணித்தது சரி. ஆனால் தட்டைக் கண்காணிக்கும் இரண்டாவது செயலியாக அவர் மாறிவிடக் கூடாது. மருத்துவரிடம் உடன் வரட்டும், வீட்டில் கூட உட்கார்ந்து சாப்பிடட்டும், சாப்பிடும்போது வேறு எதையாவது பேசட்டும்.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பது பற்றி: அவர் திண்ணைக்குப் போனது கோபத்தாலா பயத்தாலா என்று எனக்குத் தெரியவில்லை, உங்களுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். மகள் இளைத்துக்கொண்டே போவதை ஒரு தாய் உங்களுக்கு முன்பே பார்த்திருப்பார். மன்னிப்பைவிட, நடந்துகொண்டிருப்பதைச் சொல்லிவிடுங்கள், மாதவிடாய் நின்றதையும் சேர்த்து. அடுத்த முறை அவர் தாளிக்கும்போது நீங்கள் கூடத்தில் இருங்கள்.

பரிசோதனை முடிந்ததும் எழுதுங்கள். எண்கள் வேண்டாம்.

அன்புடன்.