இத்தாலி ஓட்டலில் பில் எகிறுவது எங்கே? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பனியன் ஆர்டர் விஷயமா மிலான் போன நாங்க நாலு பேர், ரோமையும் பார்த்துட்டு வரலாம்னு போனமுங்க. த்ரஸ்தேவெரே பகுதியில ராத்திரி சாப்பாடு. மெனுவில மீன் 7 யூரோன்னு இருந்துச்சு. ஒரே ஒரு முழு மீன்தான் சொன்னோம். அதுக்கு மட்டும் 91 யூரோ போட்டுட்டாங்க. ஏமாத்திட்டாங்களா?
– திருப்பூர் வாசகர்

பதில்: அந்த 7 யூரோவுக்குப் பக்கத்தில் 'அல் எத்தோ' என்று பொடி எழுத்தில் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். எத்தோ என்றால் 100 கிராம். 1 கிலோ 300 கிராம் மீன் என்றால் 13 எத்தோ, ஆக 91 யூரோ. கணக்கு சரியாகவே வருகிறது. எடை போடுவது தலை, முள், வால் எல்லாம் சேர்த்துப் பச்சை மீனாக. வெந்து, முள் நீக்கித் தட்டுக்கு வருவது அதில் ஏறக்குறைய பாதிதான்.

நல்ல கடையில் மீனை மேசைக்கே கொண்டுவந்து காட்டி, எடையையும் சொல்லிவிட்டுத்தான் அடுப்பில் வைப்பார்கள். காட்டாவிட்டால் நீங்களே கேளுங்கள்: "க்வான்தோ வியேனே இன் துத்தோ?" மொத்தம் எவ்வளவு ஆகும் என்று அர்த்தம். தொகையைத் தாளில் எழுதிக் காட்டச் சொன்னாலும் தப்பில்லை. பெரிய இறாலுக்கும் இதே முறைதான். மீன் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது ஐஸில் உறைய வைத்த சரக்கு. அதை எத்தோ விலைக்கு வாங்காதீர்கள்.

பில்லின் அடியில் வரும் மற்ற வரிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். 'கோபெர்த்தோ' என்பது உட்கார்ந்ததற்கு ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கும் தொகை. பல ஊர்களில் 2, 3 யூரோ இருக்கும், மெனுவில் எழுதியிருக்க வேண்டும். ரோம் இருக்கும் லாட்சியோ மாநிலத்தில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுத்துவிட்டது. அதனால் அங்கே 'பானே', அதாவது ரொட்டி, என்று ஒரு வரி வரும். ரொட்டி வேண்டாமென்றால் கூடை வந்ததுமே, கை வைக்கும் முன் திருப்பி அனுப்பிவிடுங்கள். 'செர்விட்சியோ', அதாவது பரிமாறும் கட்டணம், என்று சதவீதம் போட்டிருந்தால் அதற்கு மேல் டிப்ஸ் தேவையே இல்லை.

கேள்வி: நாங்க சுத்த சைவமுங்க, முட்டையும் சேர்த்துக்க மாட்டோம். பீட்சா, பாஸ்தான்னா பயமில்லைங்கறாங்களே, சரிதானா?
– ஈரோடு வாசகி

பதில்: பயப்பட வேண்டாம், ஆனால் சீஸைக் கவனியுங்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பால் திரிக்கச் சேர்ப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறை. அதன் தயாரிப்பு விதியே அப்படித்தான். பெக்கொரீனோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் உறை. இந்த இரண்டில் ஒன்றைத் துருவித் தூவாத பாஸ்தா குறைவு. பெஸ்தோ சட்னிக்குள்ளும் இத்தகைய சீஸ் உண்டு.

உங்களுக்கு ஏற்றது மரினாரா பீட்சா. பெயரில் கடல் வாடை அடித்தாலும் மீன் கிடையாது. தக்காளி, பூண்டு, ஓரிகனோ, எண்ணெய் மட்டும்தான், சீஸே இல்லை. பாஸ்தாவில் 'அர்ராபியாத்தா' கேளுங்கள். தக்காளி, பூண்டு, வரமிளகாய் போட்டது. பள்ளிபாளையம் காரம் எதிர்பார்க்காதீர்கள், ஆனால் நாக்குக்கு ஒரு சுரணை வரும். "சென்சா ஃபொர்மாஜ்ஜோ" என்றால் சீஸ் போடமாட்டார்கள். கடையில் பிசைந்த பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும், காய்ந்த ரவை பாஸ்தாவில் இருக்காது. எது என்று கேட்கலாம். முட்டை, பால், மீன் உட்பட 14 பொருள்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஐரோப்பியச் சட்டப்படி கடைக்காரரின் கடமை. உறையும் இறைச்சிச் சாறும் அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் அவற்றைத் தனியாகக் கேளுங்கள். காய்கறி சூப், ரிசொத்தோ என்ற குழைந்த அரிசிச் சோறு இரண்டிலும் அந்தச் சாறு ஒளிந்திருக்கும், "ப்ரோதோ தி கார்னே?" என்று கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

ரோமில் 'சிக்கோரியா ரிப்பஸ்ஸாத்தா' கிடைத்தால் விடாதீர்கள். கசப்புக் கீரையை வேகவைத்துப் பிழிந்து, பூண்டும் மிளகாயும் போட்டு எண்ணெயில் வதக்கியது. நம்மூர்க் கீரைப் பொரியலுக்கு அக்கா முறை.

கேள்வி: பாஸ்தா பாதி வெந்தும் வேகாமலும் வந்துச்சு. திருப்பி அனுப்பலாமா?
– கோபிசெட்டிபாளையம் வாசகர்

பதில்: சந்தகை பதத்தை எதிர்பார்த்து உட்கார்ந்தால் அப்படித்தான் தோன்றும். சந்தகையில் மாவை முதலிலேயே அவித்துவிடுகிறோம், பிழிந்ததும் வாயில் கரையும். பாஸ்தாவோ கெட்டிக் கோதுமை ரவையில் செய்து காயவைத்தது. முழுக்க வேகும் முன்பே தண்ணீரிலிருந்து எடுத்து, கடைசி ஓரிரு நிமிடம் குழம்பிலேயே புரட்டுவார்கள். நடுவில் பல்லுக்குக் கொஞ்சம் தட்டுப்பட வேண்டும் என்பது அவர்கள் பதம். இன்னும் வேகவிட்டால் மாவு கரைந்து ஒட்டிக்கொள்ளும். வயிறு ஒத்துக்கொள்ளாது என்றால் ஆர்டர் சொல்லும்போதே "பென் கோத்தா", அதாவது நன்றாக வெந்தது, என்று சொல்லிவிடுங்கள். வந்த தட்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

கேள்வி: பெப்பெரோனி பீட்சா கேட்டா குடமிளகாய் போட்டுத் தர்றாங்களே?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: இத்தாலி மொழியில் பெப்பெரோனி என்றால் குடமிளகாய்தான். நீங்கள் நினைத்த காரமான சலாமி, அதாவது பதப்படுத்திய இறைச்சித் துண்டு, வேண்டுமென்றால் 'தியாவொலா' என்று கேளுங்கள்.

கேள்வி: சாப்பிட்டு முடிச்சு அரை மணி நேரம் ஆகியும் பில்லே கொண்டு வரலைங்க. எந்திரிச்சுப் போய்க் கேட்கலாமா?
– கோயம்புத்தூர் வாசகி

பதில்: தாராளமாக. கேட்காமல் பில் நீட்டுவது விரட்டுவது போல என்பது அவர்கள் வழக்கம். "இல் கோந்தோ, பெர் ஃபவோரே" என்றால் போதும். கார்டை மறுக்கும் கடைக்கு 2022 ஜூன் 30 முதல் அபராதம் உண்டு. கார்டு மெஷின் ரூபாயா, யூரோவா என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தை மெஷின்காரர் வைப்பார், பெரும்பாலும் உங்கள் வங்கி விகிதத்தைவிட அது அதிகமாகவே இருக்கும்.