ரைசன் 5600எக்ஸ்: 1.45 வோல்ட், 90 டிகிரி

உங்கள் கம்ப்யூட்டரின் ரைசன் 5600எக்ஸ் ப்ராசசர் சிப் சும்மா இருக்கும்போது 1.45 வோல்ட் காட்டுகிறது, கேம் ஆடினால் 90 டிகிரி வருகிறது என்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு விஷயம்.

வோல்டேஜுக்காகப் பயப்பட வேண்டாம். ஒரு கோர் (சிப்புக்குள் தனியாகக் கணக்குப் போடும் பகுதி) மட்டும் நொடிப்பொழுது வேகம் கூடி பூஸ்ட் ஆகும்போது 1.45 வரை போவது இந்தச் சிப்பின் இயல்புதான். எல்லாக் கோரும் உழைக்கும்போது தானாகவே இறங்கிவிடும். அதற்காக பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) 1.4 வோல்ட் என்று நிரந்தரமாகப் பூட்டிவிடாதீர்கள், முழு லோடில் அதுதான் ஆபத்து.

90 டிகிரிதான் கவனிக்க வேண்டியது. 95 இதன் உச்சவரம்பு. முதலில் பயாஸில் பிபிஓ (வழக்கமான பவர் வரம்பைத் தாண்டி சிப்பை ஓடவிடும் வசதி) ஆனில் இருக்கிறதா பாருங்கள். அணைத்தால் பவர் 76 வாட்டுக்குள் அடங்கும். அப்படியும் குறையவில்லையென்றால் கூலரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றும் முன் பத்து நிமிடம் ஏதாவது ஓட்டிப் பேஸ்ட்டை (சிப்புக்கும் கூலருக்கும் நடுவே வெப்பம் கடத்தப் பூசும் பசை) சூடாக்கி, பிறகு ஆஃப் செய்து, மெதுவாக இடமும் வலமும் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் சிப்பும் ஒட்டிக்கொண்டு வந்து அதன் அடியில் உள்ள பின்கள் (சிறு கம்பிகள்) வளையும். பேஸ்ட் ஓரத்தில் மட்டும் படிந்திருந்தால் கூலர் சரியாக உட்காரவில்லை.

அப்புறம் பயாஸில் கர்வ் ஆப்டிமைசரில் (கோர்களுக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்கும் வசதி) மைனஸ் 10 வைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது தானாக ரீஸ்டார்ட் ஆனால் மைனஸ் 5க்கு மாற்றுங்கள்.