ஊர் ஏரி ஈரநில விதிகளுக்குள் வருமா?

தண்ணீர் நிற்கும் இடமெல்லாம் ஈரநிலம்தானே, எங்கள் ஊர் ஏரி மட்டும் அதில் வராதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் வராது. ஈரநிலங்களைப் பாதுகாக்க மத்திய அரசு கொண்டுவந்த 2017 ஈரநில விதிகளின் வரையறை தாராளமாகத்தான் தொடங்குகிறது: இயற்கையோ செயற்கையோ, நிரந்தரமோ தற்காலிகமோ, நன்னீரோ உப்புநீரோ, கடலோரத்தில் நீர் வற்றும் நேரத்தில் 6 மீட்டர் ஆழம் வரைக்கும்கூட ஈரநிலம்தான். அப்புறம் ஒரு "ஆனால்" போட்டு, ஆற்றின் போக்கு, நெல்வயல், குடிநீருக்காகவே வெட்டிய குளம், பாசனம், மீன்வளர்ப்பு, உப்பளம், பொழுதுபோக்கு இவற்றுக்கென்றே கட்டியவை எல்லாவற்றையும் கழித்துவிடுகிறது. நம் ஏரிகளில் பெரும்பாலானவை பாசனத்துக்கு வெட்டியவை, போச்சு. வேடந்தாங்கலும் பாசன ஏரிதான், அது 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியதால் கதை வேறு. ஆக்கிரமிப்புதான் பிரச்சினை என்றால் ஏரிகளுக்கென்றே தமிழ்நாட்டில் 2007இல் வந்த சட்டம் இருக்கிறது. ஆனால் அது பொதுப்பணித் துறைப் பொறுப்பில் இருந்த ஏரிகளுக்கானது, அதனால் உங்கள் ஏரி யார் பொறுப்பில் என்று முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள்.